சீசர்ஸ் பேலஸ்: ரோமாபுரி வேடமிட்ட சூதாட்ட விடுதியும் அதன் பந்தயக் கூடமும்

சீசர்ஸ் பேலஸ் என்பது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகஸ் நகர எல்லைக்குச் சற்று வெளியே, 'ஸ்ட்ரிப்' என்று அழைக்கப்படும் சாலையில் அமைந்துள்ள சூதாட்ட விடுதியாகும். 1966 ஆகஸ்ட் 5 அன்று திறக்கப்பட்டது. பழைய ரோமப் பேரரசைக் கருப்பொருளாகக் கொண்டு கட்டப்பட்ட இவ்விடுதி, பின்னாளில் அச்சாலையில் எழுந்த எகிப்தியப் பிரமிடு, வெனிஸ் கால்வாய், பாரிஸ் கோபுரம் போன்ற வேடதாரிக் கட்டடங்களுக்கெல்லாம் முன்னோடி. விளையாட்டுப் போட்டிகள் மீது பணம் கட்டும் பந்தயக் கூடம் இதன் ஓர் அங்கமாக இன்று விளங்குகிறது. ஆனால் விடுதி திறந்த நாளில் அங்கே அப்படி ஒரு கூடம் கிடையாது. பகடையும் சீட்டும் ரூலட் சக்கரமும் சட்டப்படி சுழன்ற அதே கட்டடத்தில், ஒரு கால்பந்துப் போட்டியின் மீது பத்து டாலர் கட்ட வழியில்லை. அந்த நிலை ஏன் இருந்தது, எப்படி மாறியது என்பது கட்டடத்தின் கதையைவிடச் சுவையானது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜே சார்னோ

நெவாடா மாநிலம் 1931 மார்ச் 19 அன்று சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், சுரங்கத் தொழில் தேய்ந்துபோன ஒரு பாலைவன மாநிலம் வருவாய் தேடி எடுத்த முடிவு அது. 1941இல் எல் ராஞ்சோ வேகஸ், 1942இல் லாஸ்ட் ஃபிரான்டியர் ஆகிய விடுதிகள் ஸ்ட்ரிப்பில் வந்தன. இரண்டும் மாட்டுப்பண்ணை, குதிரைவீரன் பாணி. அடுத்து ஃபிளமிங்கோ, சஹாரா, டியூன்ஸ், டிராபிகானா என்று வரிசையாக எழுந்தன. பெயர்ப்பலகையிலும் முகப்பிலும் ஒரு சாயல் இருக்குமே தவிர, உள்ளே நுழைந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன.

இந்தச் சலிப்பை வாய்ப்பாகக் கண்டவர் ஜே சார்னோ. மிசௌரி மாநிலத்தில், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரித் தோழர் ஸ்டான்லி மாலினுடன் சேர்ந்து தரை ஓடு பதிக்கும் ஒப்பந்தத் தொழிலில் தொடங்கி, அட்லாண்டா, டல்லாஸ், பாலோ ஆல்டோ ஆகிய ஊர்களில் 'கபானா' என்ற பெயரில் சாலையோர விடுதிகளைக் கட்டினார். சிலைகள், நீரூற்றுகள், துளைத்த சிமெண்டுக் கற்களாலான திரைச்சுவர்கள் என்று ஆடம்பரத்தை அள்ளித் தெளித்த விடுதிகள் அவை. லாஸ் வேகஸுக்கு அவர் முதலில் வந்தது சூதாடத்தான். கடைசிவரை அவர் ஒரு பெரும் சூதாடியாகவே இருந்தார். பகடை மேசையும் கோல்ஃப் மைதானப் பந்தயமும் அவரை விடவில்லை. விடுதி கட்டியவருக்கும் விடுதியில் தோற்கிறவருக்கும் ஒரே மனம் இருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். தன்னைப் போன்ற ஒருவன் எங்கே மயங்குவான் என்பது சார்னோவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கட்டடக் கலைஞர் மெல்வின் கிராஸ்மன் வரைபடம் போட்டார். நிலம் கிர்க் கெர்கோரியன் என்ற விமானத் தொழில்முனைவருடையது. 1962இல் ஏறக்குறைய பத்து லட்சம் டாலருக்கு அவர் வாங்கிப் போட்டிருந்த பாலைவனத் துண்டு, முதலில் குத்தகையாகவும் பின்னர் விற்பனையாகவும் அவருக்குப் பல மடங்கு லாபம் தந்தது. 14 மாடிகள், 680 அறைகள் கொண்ட கட்டடம் சாலையிலிருந்து நன்றாக உள்வாங்கி நின்றது. முன்னால் நீரூற்றுகள், இத்தாலிய சைப்ரஸ் மரங்கள், பளிங்குச் சிலைகள். முட்டை வடிவம் மனிதரை இளகச் செய்யும் என்பது சார்னோவின் நம்பிக்கை. ஆகவே சூதாட்டக் கூடத்தையே நீள்வட்டமாக அமைத்தார். கலையரங்குக்கு ரோமாபுரித் தேரோட்ட மைதானத்தின் பெயரான 'சர்க்கஸ் மாக்சிமஸ்' சூட்டப்பட்டது. உணவகத்தின் பெயர் 'பாக்கனல்'. அங்கே 'மதுத் தேவதைகள்' என்ற பெயரில் பணிப்பெண்கள் விருந்தினரின் தோள்களைப் பிடித்துவிடும் ஏற்பாடும் உண்டு. பணிப்பெண்களின் உடையில் ரோமாபுரி இருந்த அளவுக்குத் துணி இல்லை என்பதைப் பழைய படங்களைப் பார்த்தாலே அறியலாம்.

பெயரில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் 'சீசருடைய அரண்மனை' என்று எழுத வேண்டுமானால் உடைமையைக் காட்டும் மேற்குறி இட வேண்டும். சார்னோ அக்குறியை வேண்டுமென்றே நீக்கினார். குறி இருந்தால் அது ஒரு சீசரின் அரண்மனை. குறி இல்லாவிட்டால் பல சீசர்களின் அரண்மனை. உள்ளே வரும் ஒவ்வொருவரும் சீசரே என்பது அவர் சொன்ன விளக்கம். சம்பளக்காரரும் கடைக்காரரும் மூன்று நாள் பேரரசராக வாழ்ந்து பார்க்கட்டும் என்ற இந்த எண்ணமே விடுதியின் உண்மையான சரக்கு. பேரரசர்கள் சில்லறையை எண்ணிப் பார்ப்பதில்லை அல்லவா?

யாருடைய பணம்

விடுதிக்குச் செலவு ஏறக்குறைய 2.5 கோடி டாலர். இதில் பெரும்பகுதி வங்கிக்கடன் அன்று. அக்காலத்தில் மரியாதையான வங்கிகள் சூதாட்ட விடுதிகளுக்குக் கடன் தரத் தயங்கின. பணம் வந்தது லாரி ஓட்டுநர் சங்கமான டீம்ஸ்டர்ஸின் மத்திய மாநிலங்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து. அதாவது, சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் இரவுபகலாக லாரி ஓட்டியவர்களின் முதுமைக்காகச் சேர்த்து வைத்த பணம், பாலைவனத்தில் வீனஸ் சிலையாகவும் நீரூற்றாகவும் நின்றது. சங்கத் தலைவர் ஜிம்மி ஹோஃபா இந்த நிதியின் கடன்கள் தொடர்பான மோசடி வழக்கில் 1964லேயே தண்டிக்கப்பட்டவர். மேல்முறையீட்டில் வெளியே இருந்த அவர் 1967 மார்ச்சில் மற்றொரு வழக்கில் சிறை சென்றார். இடைப்பட்ட காலத்தில்தான் சீசர்ஸ் பேலஸ் கட்டப்பட்டுத் திறக்கப்பட்டது. இந்த நிதியிலிருந்து ஸ்ட்ரிப்பின் பல விடுதிகளுக்குக் கடன் போயிற்று. கடன் பெற்றவர்களில் பலர் மாஃபியா கும்பல்களுக்கு வேண்டியவர்கள். 1982இல் நீதிமன்ற உடன்பாட்டின் மூலம் நிதியின் முதலீட்டுப் பொறுப்பு வெளியார் கைக்கு மாற்றப்படும் வரை இந்தக் கதை நீண்டது.

சீசர்ஸ் பேலஸ் லாபத்தில் ஓடிய விடுதி. ஆகவே அதற்குக் கொடுத்த கடனால் ஓட்டுநர்கள் நட்டப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. சூதாட்ட மேசைக்கு முன்னால் நிற்பவர் தம் பணத்தை வைத்து ஆடுகிறார். கட்டடத்துக்கு அடியில் இருந்ததோ ஆடச் சம்மதிக்காதவர்களின் பணம்.

ரோமாபுரியில் பந்தயம்

விடுதி எந்த நாகரிகத்தின் வேடத்தைப் போட்டுக்கொண்டதோ, அந்த நாகரிகம் சூதாட்டத்தைப் பற்றி என்ன நினைத்தது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை வெளிப்படும். ரோமர்கள் பகடைப் பித்தர்கள். அகஸ்டஸ் சீசருக்குப் பகடையில் இருந்த ஆசையையும், கிளாடியஸ் பகடை ஆட்டத்தைப் பற்றி ஒரு நூலே எழுதியதையும் வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் குறித்திருக்கிறார். ரூபிக்கான் ஆற்றைக் கடக்கும்போது ஜூலியஸ் சீசர் சொன்னதாக அவர் எழுதும் வாக்கியமும் பகடை உருட்டப்பட்டுவிட்டது என்பதுதான். ஆனாலும் சட்டப்படி, சாட்டர்னாலியா என்ற டிசம்பர்த் திருவிழா நாட்கள் நீங்கலாக, பணம் வைத்துப் பகடை ஆடுவது குற்றம்.

ஆனால் அதே சட்டம் ஒன்றை மட்டும் விலக்கி வைத்தது. ஜஸ்டினியன் காலத்தில் தொகுக்கப்பட்ட சட்டத் திரட்டில், ஓட்டம், தாண்டுதல், ஈட்டி எறிதல், மல்யுத்தம், குத்துச்சண்டை முதலிய, உடல் வலிமையையும் திறமையையும் காட்டும் போட்டிகளுக்குப் பணம் வைக்கலாம் என்று பழைய சட்டங்கள் எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. வீரம் சார்ந்தது என்பது காரணம். தேரோட்டத்தில் பச்சை, நீலம், சிவப்பு, வெள்ளை என்று நான்கு அணிகளாகப் பிரிந்து மக்கள் பந்தயம் கட்டியது ஊரறிந்த செய்தி.

ஆக, ரோமாபுரியில் பகடைக்குத் தடை, விளையாட்டுப் பந்தயத்துக்கு அனுமதி. 1966இன் சீசர்ஸ் பேலஸில் பகடைக்கு அனுமதி, விளையாட்டுப் பந்தயத்துக்கு இடமில்லை. வேடத்தை அச்சு அசலாகப் போட்டவர்கள் சட்டத்தை மட்டும் தலைகீழாக வைத்திருந்தார்கள்.

பத்து சதவீத வரி

இந்தத் தலைகீழ் நிலைக்குக் காரணம் ஒழுக்கநெறி மட்டுமன்று, கணக்கும்தான். நெவாடா 1949இல் குதிரைப் பந்தயத்துக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் பணம் பெறும் கடைகளை அனுமதித்தது. ஆனால் 1950-51இல் செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு நாடு முழுவதும் சுற்றித் திட்டமிட்ட குற்றக் கும்பல்களைப் பற்றி விசாரணை நடத்தியது. சட்டவிரோதப் பந்தயமே அக்கும்பல்களின் பெரிய வருவாய் என்ற எண்ணம் வலுப்பெற்றது. விளைவாக 1951இல் நடுவண் அரசு, கட்டப்படும் ஒவ்வொரு பந்தயத் தொகையின் மீதும் 10 சதவீத வரி விதித்தது. லாபத்தின் மீதன்று, கட்டிய தொகை முழுவதன் மீதும். இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பந்தயக் கூடம் எப்படிப் பணம் ஈட்டுகிறது என்று பார்ப்போம். அமெரிக்கக் கால்பந்தில் வலுவான அணியும் வலுவற்ற அணியும் மோதினால், யார் வெல்வார் என்று கேட்பதில் பொருளில்லை. எல்லோரும் வலுவான அணி மீதே கட்டுவார்கள். ஆகவே ஒரு புள்ளி இடைவெளி நிர்ணயிக்கப்படும். 10 புள்ளி என்று வைத்தால், வலுவான அணி பத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றால்தான் அதன் மீது கட்டியவருக்கு வெற்றி. அதற்குக் குறைந்தால் எதிரணி மீது கட்டியவருக்கு வெற்றி. சரியாகப் பத்து என்றால் பணம் இருவருக்கும் திரும்பும். இருபக்கமும் ஏறக்குறைய சமமாகப் பணம் சேரும்படி இந்த எண்ணைக் கூட்டியும் குறைத்தும் நிறுத்துவது கூடத்தாரின் தொழில்.

வழக்கமான விகிதம் 110க்கு 100. அதாவது 110 டாலர் கட்டினால், வென்றவருக்கு 100 டாலர் லாபம். எதிரெதிராக இருவர் தலா 110 கட்டுகிறார்கள். கூடத்துக்கு வந்தது 220. வென்றவருக்கு அவருடைய 110உம் லாபம் 100உம் சேர்த்து 210 போகிறது. மிஞ்சுவது 10 டாலர். இப்போது 220 டாலரின் மீது 10 சதவீத வரி எவ்வளவு? 22 டாலர். பத்து டாலர் சம்பாதிக்க இருபத்திரண்டு டாலர் வரி. சட்டத்துக்கு உட்பட்டு யாரும் நடத்த முடியாத தொழில் இது. இருந்தும் சாண்டா அனிடா, சர்ச்சில் டவுன்ஸ் போன்ற குதிரைப் பந்தய மைதானங்களின் பெயர்களைச் சூட்டிக்கொண்டு, 'டர்ஃப் கிளப்' எனப்பட்ட சிறு கடைகள் லாஸ் வேகஸில் தனியாக இயங்கின. தரையில் சிகரெட் துண்டுகளும் சுவரில் கரும்பலகையுமாக இருந்த அக்கடைகளில், பெரிய தொகையை வாங்கிக்கொண்டு சீட்டில் சிறு தொகையை எழுதும் வழக்கம் இருந்ததாகச் சொல்லப்படுவதில் வியப்பில்லை. வரியே அவர்களை அப்படி நடக்கத் தூண்டியது.

1974இல் இந்த வரி 2 சதவீதமாகக் குறைந்தது. மேற்சொன்ன 220 டாலருக்கு வரி 4 டாலர் 40 சென்ட். மிச்சம் நிற்கத் தொடங்கியது. மறு ஆண்டே நெவாடா, சூதாட்ட விடுதிகளுக்குள்ளேயே பந்தயக் கூடம் வைக்க அனுமதித்தது. யூனியன் பிளாசா முதலில் தொடங்கியது. 1976இல் ஃபிராங்க் ரோசன்தால் ஸ்டார்டஸ்ட் விடுதியில் திறந்த கூடம் எல்லோருக்கும் மாதிரியானது. மங்கலான கடைக்குப் பதில் பெரிய திரைகள், மெத்தென்ற இருக்கைகள், மதுக்கூடம். 1983 தொடக்கத்தில் வரி 0.25 சதவீதமாக இறங்கியது. 220 டாலருக்கு 55 சென்ட். ஸ்ட்ரிப்பில் பந்தயக் கூடம் இல்லாத பெரிய விடுதியே இல்லை என்ற நிலை விரைவில் வந்தது. சீசர்ஸ் பேலஸும் அவற்றுள் ஒன்று.

பழைய நிழல்

வரி மட்டுமே தடை என்று சொல்லிவிட்டால் கதை முழுமையாகாது. பந்தயக்காரர்கள் விளையாட்டையே கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் உண்மையானது. அதற்கான சான்று சீசர்ஸ் பேலஸுக்குள்ளேயே நடமாடியது.

1946 டிசம்பர் 15 அன்று நியூயார்க்கில் தேசியக் கால்பந்துக் கழகத்தின் இறுதிப் போட்டி. சிகாகோ பேர்ஸ் அணியும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் மோதின. பேர்ஸ் அணிக்கு 10 புள்ளி இடைவெளி. ஆல்வின் பாரிஸ் என்பவர் ஜயன்ட்ஸ் வீரர்கள் மெர்ல் ஹேப்ஸ், ஃபிராங்க் ஃபில்சாக் இருவரையும் அணுகி, பத்துக்கு மேற்பட்ட புள்ளிகளில் தோற்றால் பணம் தருவதாகப் பேசினார். போட்டிக்கு முன்பே காவல்துறைக்குச் செய்தி எட்டியது. ஹேப்ஸ் ஆட அனுமதிக்கப்படவில்லை. ஃபில்சாக் தம்மை யாரும் அணுகவில்லை என்று மறுத்து, ஆடினார். முடிவு 24-14. வித்தியாசம் மிகச் சரியாகப் பத்து. சதிகாரருக்கும் வெற்றியில்லை, எதிர்த்துக் கட்டியவருக்கும் வெற்றியில்லை. பின்னர் இரு வீரர்களும் கழகத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர்.

இந்தச் சதியில் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஜெரோம் சாரோவிட்ஸ். இருபது ஆண்டுகள் கழித்து, சீசர்ஸ் பேலஸ் திறந்தபோது அதன் சூதாட்டக் கூடத்தை உள்ளிருந்து நடத்திய முக்கியப் புள்ளி அவரே. பந்தயக் கூடம் இல்லாத விடுதியில் பந்தய உலகின் ஆள் உட்கார்ந்திருந்தார். 1970 டிசம்பரில் நாடெங்கும் சட்டவிரோதப் பந்தயத் தரகர்கள் மீது நடந்த சோதனையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சீசர்ஸ் பேலஸுக்குள்ளும் நுழைந்தார்கள். கூடத்தைச் சட்டபூர்வமாக்கிக் கணக்கைத் திறந்து வைத்தால்தான் ஒழுங்கு வரும் என்று வாதிட்டவர்களுக்கும், அதனாலேயே தீமை பெருகும் என்று வாதிட்டவர்களுக்கும் இந்த ஒரே விடுதி சான்றாயிற்று. என் பார்வையில் முன்னவர் சொன்னதில் நியாயம் சற்றுக் கூடுதல். ஒரு போட்டியில் வழக்கத்துக்கு மாறாகப் பணம் குவிந்தால் முதலில் மோப்பம் பிடிப்பது கணக்கு வைத்திருக்கும் கூடம்தான். சதியில் முதல் நட்டம் அவர்களுடையதே.

வாகன நிறுத்தத்தில் விளையாட்டு

சார்னோ 1969இல் விடுதியை 6 கோடி டாலருக்கு லம்ஸ் நிறுவனத்திடம் விற்றார். லம்ஸ் என்பது ஃபுளோரிடாவில் ஹாட் டாக் விற்றுப் பெருத்த உணவகக் குழுமம். பேரரசரின் அரண்மனையைத் தின்பண்டக் கடைக்காரர்கள் வாங்கினார்கள் என்று அக்காலத்தில் கேலி எழுந்திருக்கும். ஆனால் விடுதியை விளையாட்டு அரங்கமாக மாற்றியதில் அவர்கள் பங்கு பெரிது.

விதை முன்பே விழுந்துவிட்டது. 1967 டிசம்பர் 31 அன்று ஈவல் நீவல் என்ற மோட்டார் சைக்கிள் சாகசக்காரர் முன்வாசல் நீரூற்றுகளைத் தாண்டிக் குதித்தார். தாண்டிவிட்டார், ஆனால் தரையிறங்கும்போது வண்டி கைவிட்டது. எலும்புகள் நொறுங்க உருண்டு விழுந்த காட்சி படமெடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. வெற்றியைவிட அந்த விழுகையே அவரையும் விடுதியையும் புகழாக்கியது. 1989இல் அவர் மகன் ராபி அதே நீரூற்றுகளைப் பழுதின்றித் தாண்டினார். தந்தையின் விழுகையை நினைவுகூர்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

1980களில் வாகன நிறுத்தத்திலும் டென்னிஸ் திடலிலும் தற்காலிக அரங்குகள் எழுப்பிக் குத்துச்சண்டைகள் நடத்தப்பட்டன. 1980 அக்டோபர் 2 அன்று, ஓய்விலிருந்து திரும்பிய முகமது அலி இங்கே லாரி ஹோம்ஸிடம் அடிவாங்கித் தோற்றார். தம் முன்னாள் பயிற்சித் துணைவரையே அலி எதிர்கொண்ட சண்டை அது. பார்த்தவர் பலருக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. 1981இல் லியோனார்டும் ஹேர்ன்ஸும், 1985இல் ஹாக்லரும் ஹேர்ன்ஸும் மோதியதும் இங்குதான். பிந்தையது மூன்றாவது சுற்றிலேயே முடிந்தாலும் இன்றும் பேசப்படுகிறது. சண்டை அரை மணியில் முடிந்துவிடும். அதைக் காண வந்த பணக்காரர்கள் அந்த வார இறுதி முழுவதும் மேசைகளில் இருப்பார்கள். விடுதியின் கணக்கு அதுவே.

1981லும் 1982லும் ஃபார்முலா 1 கார்ப் பந்தயமும் இதே வாகன நிறுத்தத்தில் வளைந்து வளைந்து ஓடியது. 1981 போட்டியில் ஐந்தாவதாக வந்த நெல்சன் பிக்கே, கார்லோஸ் ராய்ட்டமானை ஒரே புள்ளியில் முந்தி உலகச் சாம்பியன் ஆனார். ஓட்டுநர்களுக்குப் பாலைவன வெயில் பிடிக்கவில்லை, கூட்டமும் வரவில்லை. இரண்டே ஆண்டில் கைவிடப்பட்டது.

குளிர்சாதனப் பெட்டி அடித்த புள்ளி

பந்தயக் கூடத்தின் வரலாற்றில் சீசர்ஸ் பேலஸின் பெயர் நிலைத்திருப்பது ஒரு நட்டத்தால். 1986 ஜனவரி 26 அன்று நடந்த இருபதாவது சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் சிகாகோ பேர்ஸும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் மோதின. பேர்ஸ் மிக வலுவான அணி. முடிவில் ஐயம் இல்லாத போட்டிக்குப் பந்தயம் கட்ட யார் வருவார்? கூடத்தை நடத்திய ஆர்ட் மான்டெரிஸ் ஒரு துணைப் பந்தயத்தை வைத்தார். பேர்ஸ் அணியில் வில்லியம் பெர்ரி என்ற மாபெரும் உருவம் கொண்ட தடுப்பாட்டக்காரர் இருந்தார். பட்டப்பெயர் 'குளிர்சாதனப் பெட்டி'. எதிரணியைத் தடுப்பது அவர் வேலை, புள்ளி அடிப்பதன்று. அவர் டச்டவுன் அடிப்பாரா என்று கேட்டு, அடித்தால் ஒன்றுக்கு இருபது என்று விகிதம் வைத்தார்கள்.

மக்கள் சிரித்துக்கொண்டே கட்டினார்கள். பணம் குவியக் குவிய விகிதம் சரிந்து, போட்டிக்கு முன் ஒன்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு வந்தது. மூன்றாம் பகுதியில், எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில் பந்து இருக்கையில், பயிற்சியாளர் பெர்ரியின் கையில் பந்தைக் கொடுக்கச் செய்தார். பெர்ரி முட்டி மோதி உள்ளே விழுந்தார். பேர்ஸ் 46-10 என்று வென்றது. கூடம் கைப்பொறுப்பில் பணம் எண்ணிக் கொடுத்தது.

செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் இந்த வேடிக்கையைப் பெரிதாக வெளியிட்டன. எந்த விளம்பரத்தாலும் கிடைக்காத பெயர் கிடைத்தது. முதலில் யார் புள்ளி அடிப்பார், நாணயச் சுண்டலில் பூவா தலையா என்று இன்று ஒவ்வொரு சூப்பர் பவுலுக்கும் நூற்றுக்கணக்கான துணைப் பந்தயங்கள் வைக்கப்படுவதற்கு இந்தச் சம்பவமே பெரும் தூண்டுதல் என்று தொழிலில் உள்ளவர்கள் கருதுகிறார்கள்.

உள்ளே செல்பவர் காண்பது

ஸ்ட்ரிப்பிலிருந்து விடுதியை நோக்கி நடப்பவர் முதலில் காண்பவற்றுள் ஒன்று நம் வாசகரை நிற்கவைக்கும். ரோமச் சிலைகளுக்கு நடுவே, பொன்வண்ண மண்டபத்தில், நான்கு முகங்களுடன் பிரம்மா அமர்ந்திருக்கிறார். பாங்காக் நகரின் எராவான் பிரம்மா சந்நிதியின் மாதிரி இது. 1980களில் தாய்லாந்து, ஹாங்காங் அன்பர்களின் கொடையாக இங்கு நிறுவப்பட்டது. ஆசியச் சூதாடிகள் ஊதுவத்தி ஏற்றி, பூவும் பழமும் வைத்து வணங்கிவிட்டு உள்ளே போகிறார்கள். நம் ஊரில் கோயில் காண்பதே அரிதான, தலையெழுத்தை எழுதும் நான்முகனுக்கு, தலையெழுத்தை மாற்ற வருபவர்கள் கூடும் இடத்தில் சந்நிதி கிடைத்திருக்கிறது.

உள்ளே பந்தயக் கூடத்துக்கு நேர்வழி இருப்பதில்லை. ஸ்லாட் இயந்திரங்களின் வரிசைகளையும் மேசைகளையும் சுற்றித்தான் போகவேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். கூடத்தில் சுவர் நெடுகத் திரைகள். ஒரே நேரத்தில் பல போட்டிகள், ஓரமாகக் குதிரைப் பந்தயங்கள், மறுபக்கம் மாறிக்கொண்டே இருக்கும் எண்கள். முகப்பில் போட்டியின் எண்ணையும் தொகையையும் சொன்னால் அச்சிட்ட சீட்டு கையில் வரும். அந்தச் சீட்டே பணம். பெயர் எழுதாத சீட்டைத் தொலைத்தால் வென்ற பணத்தைப் பெறுவது கடினம். கட்டியபின் எண் மாறினாலும் சீட்டில் உள்ள எண்ணே செல்லும்.

கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால், மேசைகளில் உள்ளவர்களைவிடச் சிந்திக்கிறவர்களாகத் தோன்றுவார்கள். குறிப்பேடு, புள்ளிவிவரம், காயமடைந்த வீரர் பட்டியல். பகடையில் அறிவுக்கு வேலையில்லை, இங்கே உண்டு என்பது அவர்கள் பெருமை. அது பொய்யன்று. ஆனால் 110க்கு 100 என்ற விகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பந்தயங்களில் 52 வென்றாலும், 5,200 டாலர் லாபம், தோற்ற 48க்கு 5,280 டாலர் நட்டம். எண்பது டாலர் கையைவிட்டுப் போகிறது. முதல் மிஞ்ச 52.4 சதவீதம் வெல்ல வேண்டும். அதை ஆண்டுக்கணக்கில் செய்யக்கூடியவர்கள் மிகச் சிலரே. மூன்று போட்டிகளைக் கோத்துக் கட்டும் தொடர் பந்தயம் இன்னும் மோசம். மூன்றும் சரியாக வரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஒன்றுக்கு ஏழு கொடுத்தால் நியாயம். வழக்கமாகக் கொடுப்பது ஒன்றுக்கு ஆறு. பெரிய தொகை ஒரே சீட்டில் வரும் என்ற கவர்ச்சியால் மக்கள் இதையே அதிகம் விரும்புகிறார்கள்.

இந்தக் கணக்கைச் சார்னோ அறியாதவரல்லர். அவரே வைத்த பொறி இது. ஆனாலும் 1968இல் தொடங்கிய சர்க்கஸ் சர்க்கஸ் விடுதியும் அவர் கையைவிட்டுப் போயிற்று. சேர்த்ததில் பெரும்பகுதியை ஆட்ட மேசைகளில் விட்டார். 6,000 அறைகளுடன் 'கிராண்டிசிமோ' என்றொரு விடுதி கட்டத் திட்டமிட்டுப் பணம் திரட்ட முடியாமல் அலைந்தார். 1984 ஜூலையில் மாரடைப்பால் இறந்தார். இறந்த இடம் சீசர்ஸ் பேலஸின் ஓர் அறை. அப்போது அவர் அங்கே உரிமையாளர் அல்லர், விருந்தாளி.

1992இல் நடுவண் அரசு, நெவாடா போன்ற சில மாநிலங்கள் நீங்கலாக மற்ற இடங்களில் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கத் தடை விதித்தது. இதனால் கால் நூற்றாண்டுக் காலம் லாஸ் வேகஸ் கூடங்களுக்கு ஏறக்குறைய ஏகபோகம். 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் நியூ ஜெர்சி தொடர்ந்த வழக்கில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பந்தயத்தை அனுமதித்துவிட்டன. கைப்பேசியே கூடமாகிவிட்டது. 2020இல் சீசர்ஸ் நிறுவனத்தை எல்டொராடோ நிறுவனம் வாங்கிப் பெயரை மட்டும் சீசர்ஸ் என்றே வைத்துக்கொண்டது. 2021இல் அந்நிறுவனம் வில்லியம் ஹில் என்ற பழைய பிரிட்டிஷ் பந்தய நிறுவனத்தை 290 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதன் பந்தயச் செயலிக்கு ரோமப் பேரரசராக வேடமிட்ட நடிகர் விளம்பரம் செய்தார். நெவாடாவில் மட்டும் பழைய விதி ஒன்று நீண்டகாலமாக விடாமல் இருந்துவருகிறது. கைப்பேசியில் பந்தயம் கட்ட விரும்புபவர், கணக்குத் தொடங்குவதற்கு ஒருமுறையாவது அடையாள அட்டையோடு ஒரு விடுதியின் முகப்புக்கு நேரில் வந்தாக வேண்டும்.